எஸ்கில் இரண்டாம் முறை உள்ளே போனது

வடக்கே பனிக்காட்டு நடுவில் இருக்கும் எங்கள் தால்சேலெ ஊரில் ஒருவர் தன் குடலுக்குள் கேமரா விட்டு எடுத்த படத்தைக் காபி மேஜையில் பரப்பி வைப்பார். நாமும் இலவங்கப்பட்டை பன்னைக் கடித்துக்கொண்டே, 'வளைவு நன்றாக விழுந்திருக்கிறது' என்று பாராட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரர் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று வரி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இதிலெல்லாம் எங்களுக்குக் கூச்சமில்லை. ஆனால் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் மெல்ல எழுந்து தன் கோட்டைத் தேடுவார்.

இந்தப் புனிதமான ரகசியத்தைக் கட்டிக்காக்கவே நகராட்சி என்னை வாக்குச்சாவடித் தலைவனாக நியமித்திருக்கிறது. ஆகவே எஸ்கில் நேஸ்லுண்டைப் பற்றி ஊருக்கே தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன். கட்சிகளின் பெயரும் என் வாயிலிருந்து வராது. பெரிய கட்சி, அடுத்த கட்சி என்று வைத்துக்கொள்வோம்.

எஸ்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஆற்றங்கரையில் அப்பா கட்டிய வீட்டிலேயே பிறந்து, அங்கேயே அறுபதைத் தாண்டியவர். பேசுவதற்கு யாரும் சம்பளம் தராததால் பேசுவதில்லை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஊரே திரண்டு வந்து 'உரை, உரை' என்று கேட்டபோது எழுந்து நின்றார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார், "காபி இருக்கு" என்றார், உட்கார்ந்துவிட்டார். பலரும் அதை அவருடைய நீண்ட பேச்சுகளில் ஒன்றாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். மனைவி மைவோர் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. வீட்டில் பேச்சுத் துறை முழுவதும் அவள் பொறுப்பு. பெண்கள் இருவரும் தெற்கே போய்விட்டார்கள். நாய் மட்டும் இருக்கிறது.

இப்படிப்பட்ட எஸ்கிலுக்கு நான்கு வருஷத்துக்கு ஒரு நாள் மகுடம் சூட்டப்படும். செப்டம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு, தேர்தல் நாள். எங்களிடம் கட்சிக்கு ஒரு சீட்டு; பிடித்த கட்சியின் சீட்டை உறையிலிட்டுப் பெட்டியில் போட்டால் அதுவே ஓட்டு. நாடாளுமன்றத்துக்கு மஞ்சள், நகராட்சிக்கு வெள்ளை, ஆஸ்பத்திரிகளைக் கட்டி மேய்க்கும் வட்டார மன்றத்துக்கு நீலம். சாவடிக்கு வெளியே ஒவ்வொரு கட்சிக்காரரும் தம் சீட்டுகளோடு நிற்பார். வருகிறவர் யார் கையிலிருந்தும் வாங்கலாம். எல்லார் கையிலிருந்தும் வாங்கி மறைப்புக்குப் பின்னால் போய்க் குழம்பலாம். பெரிய கட்சியின் சீட்டை எங்கள் சாவடி வாசலில் எஸ்கிலின் அப்பா கொடுத்தார். அப்பாவுக்குப் பிறகு எஸ்கில், முப்பது வருஷத்துக்கு மேலாக.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. அதற்கென்று ஒரு தர்மமும் உண்டு. போட்டிக் கட்சிக்காரர்கள் எல்லோரும் அதே பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஒரே ஃபிளாஸ்கிலிருந்துதான் குடிப்பார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் பக்கத்திலிருப்பவர் அவருடைய சீட்டுக் கட்டையும் வாங்கிக்கொண்டு இரண்டையும் நேர்மையாக நீட்ட வேண்டும். எதிரியின் சீட்டை அடியில் ஒளிப்பது, கீழே தவறவிடுவது, 'தீர்ந்துவிட்டது' என்பது எல்லாம் எங்கள் ஊரில் கேள்விப்படாதவை. மூஸ் என்ற பெரிய காட்டு மான் வேட்டையில் இன்னொருவன் சுட்ட மானைத் தன்னுடையது என்று சொல்கிறவனுக்கு ஊரில் என்ன மரியாதையோ, அதே மரியாதைதான் அப்படிச் செய்கிறவனுக்கும்.

அந்தப் பெஞ்சில் எஸ்கிலுக்குப் பக்கத்து இடம் ஹோல்கெருடையது. அடுத்த கட்சிக்காரர், எஸ்கிலோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்தத் தேர்தல் வருஷத்துப் பிப்ரவரியில் ஹோல்கெர் மைவோரிடம் மான் இறைச்சி கொடுக்க வந்து, முற்றத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தால்சேலெயிலேயே ஆம்புலன்ஸ் நிலையம் இருந்ததால், மைவோர் அவருக்காக ஊற்றிவைத்த காபி ஆறுவதற்குள் வண்டி வந்துவிட்டது. ஹோல்கெர் பிழைத்தார். ஏப்ரலில் வட்டார மன்றம், அந்த ஆம்புலன்ஸ் நிலையத்தைப் புத்தாண்டிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோவதாக முடிவு செய்தது. பெரிய கட்சி கை தூக்கியது. ஹோல்கெரின் கட்சியும் தூக்கியது. ஹோல்கெர் அதே கட்சிக்கு இந்த முறையும் சீட்டுக் கொடுக்கச் சம்மதித்தார்.

"உனக்கு வெக்கமா இல்லையாடா?" என்று மைவோர் கேட்டாள்.

"நன்றி வேற, கட்சி வேற, மைவோர்" என்றார் ஹோல்கெர், நெஞ்சில் கை வைத்து. எதிர்த்துப் பேச யாரும் துணியாத இடம் அது.

மைவோருக்கு வேறு மாதிரி வேகம் வந்தது. 'ஆம்புலன்ஸ் பட்டியல்' என்று ஒரு கட்சி முளைத்தது. நீலச் சீட்டு மட்டும்தான். வட்டார மன்றத்துக்கு மட்டும்தான் போட்டி. பட்டியலில் மூன்றாவது பெயர் மைவோர் நேஸ்லுண்ட், சமையல்காரி. வட்டாரம் முழுக்க நூற்றுக்கு மூன்று ஓட்டு வாங்காத கட்சிக்கு அந்த மன்றத்தில் ஒரு முக்காலி கூடக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு ஓட்டும் உயிர். மைவோர் எண்ணத் தொடங்கியபோது முதல் விரலை எஸ்கிலுக்குத்தான் மடக்கினாள்.

எஸ்கில் என்ன செய்தார் தெரியுமா? முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்கள் தொடங்கியதும் முதல் ஆளாக நூலகத்துக்குப் போய், மூன்று நிறத்திலும் பெரிய கட்சிக்கே போட்டுவிட்டு வந்துவிட்டார். போட்டுவிட்டால் அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. பல்வலிக்காரன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்வது மாதிரி. அத்தோடு விட்டிருந்தால் ரகசியம் ரகசியமாகவே இருந்திருக்கும். கட்சிக்காரர்கள் ஒரு போட்டோ எடுத்தார்கள். கட்சியின் சிவப்பு ஜாக்கெட்டில் எஸ்கில், கையில் உறை. 'எஸ்கில் எங்களுக்குப் போட்டுவிட்டார், நீங்கள்?' என்று கீழே அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள். நேஸ்லுண்ட் வீட்டுத் தபால் பெட்டியிலும் ஒன்று விழுந்தது.

மைவோர் அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் நாயோடு மட்டும்தான் பேச்சு நடந்தது.

"பட்டாணி சூப் வேணும்னா அடுப்புல இருக்குன்னு சொல்லு" என்பாள் நாயிடம்.

நாய் எஸ்கிலைப் பார்க்கும். எஸ்கில் சூப்பைப் பார்ப்பார்.

சும்மாவே பேசாதவர் எஸ்கில். ஆனால் தான் பேசாமலிருப்பது வேறு, தன்னோடு யாரும் பேசாமலிருப்பது வேறு என்பதை அந்த வயதில்தான் கண்டுபிடித்தார். இரவுகளில் கொட்டகைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பனி வாரும் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

தேர்தல் ஞாயிறு வந்தது. மூஸ் வேட்டைப் பருவம் என்பதால் ஆண்கள் ஆரஞ்சுத் தொப்பியோடும் ரத்தக் கறை பூட்ஸோடும் வந்து ஜனநாயகக் கடமையாற்றிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் எஸ்கில், ஹோல்கெர், மைவோர் என்று வரிசை. ஹோல்கெர் வேண்டுமென்றே நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்துவைத்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. கேட்கக் கூடாது என்று எனக்கு எந்தச் சட்டமும் இல்லை.

"ஹோல்கெர், பக்கத்துல உக்காந்திருக்கற போட்டோ நடிகர்கிட்ட கொஞ்சம் ஃபிளாஸ்க்கை வாங்கிக் குடு" என்றாள் மைவோர்.

"டேய், நடிகா, ஃபிளாஸ்க்கு."

எஸ்கில் கொடுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் மைவோரின் போன் அடித்தது. வடக்கே மலையோரச் சாவடிகளில் ஆம்புலன்ஸ் பட்டியலின் சீட்டு தீரப்போகிறது. பெரிய கட்சிகளுக்கு நகராட்சியே சாவடிக்குள் மறைப்புக்குப் பின்னால் சீட்டு அடுக்கி வைக்கும். புதிதாக முளைத்ததெல்லாம் தன் காகிதத்தைத் தானே சுமந்துபோய் அங்கே வைக்க வேண்டும். மைவோர் எழுந்தாள். கையில் நீலக் கட்டு. ஹோல்கெரைத் தேடினாள். நல்ல நேரமாகப் பார்த்து ஹோல்கெர் கழிப்பறைக்குப் போயிருந்தார். அவருடைய கட்டே எஸ்கிலின் மடியில்தான் கிடந்தது. பெஞ்சு தர்மப்படி இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

"பிடி" என்றாள் மைவோர்.

இரண்டு வாரத்தில் நேரடியாகச் சொன்ன முதல் சொல். எஸ்கில் பிடித்தார். அவள் மிச்சச் சீட்டுப் பெட்டிகள் கிடந்த வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டாள்.

அப்படியாக, 'எங்களுக்குப் போட்டுவிட்டார்' என்று ஊரெல்லாம் அச்சாகியிருந்த மனிதர், வலது கையில் தன் கட்சிச் சீட்டையும் இடது கையில் அந்தக் கட்சியைக் கவிழ்க்கப் பிறந்த சீட்டையும் ஏந்தி, வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டையும் ஒரே உயரத்தில் நீட்டினார். உயரத்தில் ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லை, நான் கவனித்தேன். ஜனங்கள் வலது பக்கத்தைத் தலையசைத்து வாங்கினார்கள். இடது பக்கத்தைக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மருந்துக்கடையில் மூலக் களிம்பு வாங்குகிறவர்கள் மாதிரி சடாரென்று உருவிக்கொண்டு போனார்கள். வாங்கியவர்கள் கொஞ்சம் பேரில்லை.

மாலை நெருங்கும்போது கோனி ப்ரோடின் வந்தார். வட்டார மன்றத்தின் சுகாதாரக் குழுத் தலைவர். பெரிய கட்சியின் பெரிய மனிதர். ஆஸ்பத்திரிப் படுக்கைகளைக் குறைப்பதற்குப் 'பலப்படுத்துதல்' என்று பெயர் வைத்தவர். தொண்டர்களுக்காகப் பச்சை மார்சிபன் போர்த்திய கேக் ஒன்றை அட்டைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊரில் ராஜாவைத் தவிர எல்லோருக்கும் 'நீ' தான் என்பதால் உரையாடல் இப்படிப் போனது.

"என்ன எஸ்கில், ரெண்டு கையும் வேலை செய்யுது?"

"மைவோரோடது."

"அது தெரியுது. உனக்கு ஒரு கை போதாதா?"

"பெஞ்சுல அப்படித்தான்."

"ஆம்புலன்ஸை யாரும் மூடலப்பா. நகத்துறோம். அவ்வளவுதான்."

"தொண்ணூறு கிலோமீட்டர்" என்றார் ஹோல்கெர், அடுத்த கட்சிக்காரர் என்ற முறையில் பொதுவாக.

"தூரங்கிறது ஒரு மனநிலை, ஹோல்கெர்" என்றார் ப்ரோடின். உட்கார்ந்தார். எஸ்கில் கேக்கை வெட்டக் கத்தி எடுக்கக் கட்டுகளைப் பெஞ்சில் வைத்தபோது, ப்ரோடின் அட்டைப் பெட்டியைத் தூக்கி நீலக் கட்டின் மேல் வைத்தார். தற்செயலாக வைக்கிற மாதிரிதான் வைத்தார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார்.

அப்போது ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு வேட்டைக்காரன் வந்து நின்றான். பெஞ்சை மேலும் கீழும் பார்த்தான். குரலை இறக்கி, "அந்த... ஆம்புலன்ஸ் சீட்டு இருக்குன்னாங்களே?" என்றான்.

"தீந்துபோச்சுப்பா" என்றார் ப்ரோடின்.

ஹோல்கெர் காபிக் குவளையைக் கீழே வைத்தார். எங்கள் ஊரில் மனிதர்கள் பொய் சொல்லாமலில்லை. வரி அலுவலகத்திடமும் பல் டாக்டரிடமும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்தவன் சீட்டைப் பற்றி, அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. எஸ்கில் கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் கேக் பெட்டியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் வைத்திருந்துவிட்டு, ப்ரோடினின் மடியில் வைத்தார். நீலச் சீட்டு ஒன்றை உருவி வேட்டைக்காரனிடம் நீட்டினார். அதில் கொஞ்சம் க்ரீம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறொன்றை உருவிக் கொடுத்தார்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன், எஸ்கில்."

எஸ்கில் பதில் சொல்லவில்லை. அது அவர் வழக்கம்தான் என்று ப்ரோடின் நினைத்துக்கொண்டார். நான் அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு எஸ்கில் கதவைப் பார்க்கத் தொடங்கினார். சீட்டை நீட்டுவார், கதவைப் பார்ப்பார். ஃபிளாஸ்கைச் சாய்ப்பார், கதவைப் பார்ப்பார். வெளிச்சம் மங்கி, மைதானத்து விளக்கு எரியத் தொடங்கியது. எட்டு மணிக்குக் கதவை மூடி விடுவேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"மூத்திரம் வருதாடா?" என்றார் ஹோல்கெர். "குடு, நான் பாத்துக்கறேன்."

"இல்ல."

"பின்ன என்ன அந்தக் கதவு?"

எஸ்கில் கட்டுகளின் ஓரத்தை முழங்காலில் தட்டிச் சரிசெய்தார். பிறகு, "முன்னாடியே போட்டவன் மறுபடியும் போடலாமாமே" என்றார்.

ஹோல்கெரின் முகம், பிப்ரவரியில் முற்றத்தில் விழுந்தபோது இருந்த நிறத்துக்குப் போனது.

போடலாம். சட்டம் இருக்கிறது. நூலகத்தில் போட்டதற்கு வருந்துகிறவர், தேர்தல் நாளன்று தன் சாவடிக்கு வந்து புதிதாகப் போட்டால் பழையது செல்லாது. நாட்டின் தெற்கே நகரங்களில் அப்படிச் செய்கிறார்களாம். நகரத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தால்சேலெயில் ஒருவர் மளிகைக்கடைக்கு இரண்டாம் முறை போனாலே 'என்ன மறந்தாய்' என்று மூன்று பேர் கேட்பார்கள். போட்டோ அச்சடித்து வீடு வீடாகப் போடப்பட்ட ஆள், கட்சி ஜாக்கெட்டோடு, கட்சியின் பெரிய மனிதர் எதிரிலேயே, வாக்குச்சாவடிக்குள் நுழைவதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். அப்புறம் கட்சிக் கூட்டம் கிடையாது, மே ஊர்வலம் கிடையாது, அப்பாவின் இடம் கிடையாது. போகாமல் உட்கார்ந்திருந்தால்? மைவோர் வருவாள். கட்டைத் திரும்ப வாங்குவாள். நாயோடு பேசுவாள்.

"சட்டம் இருக்கு" என்றார் ஹோல்கெர் மெதுவாக. "ஆனா இங்க யாரும் அப்படிப் போனதில்லடா. இது நீச்சல்குளத்துல அம்மணமா குதிக்கற மாதிரி."

"சவுனாவுல ஆவி பிடிக்கறப்ப எல்லாரும் அம்மணமாத்தானே இருக்கோம்."

"அங்க எல்லாரும் இருக்கோம். இங்க நீ ஒருத்தன்."

ப்ரோடினுக்குக் காது கூர்மை. தொலைவில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் வேலை செய்தது.

"எஸ்கில். உன் போட்டோ எத்தன வீட்டுக்குப் போயிருக்கு தெரியுமா?"

"தெரியும். எங்க வீட்டுக்கும் வந்துச்சு."

"உங்கப்பா நின்ன இடம் இது."

"தெரியும்."

"நீ களைச்சுப்போயிருக்க. அந்தக் கட்டு எல்லாத்தையும் என்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போ. மிச்ச நேரம் நான் நிக்கறேன்."

எஸ்கில் எழுந்தார். அவர் எழுந்து நின்றால் நல்ல உயரம். எப்போதும் பேருந்து இருக்கையிலேயே பார்த்து நாங்கள் அதை மறந்துபோயிருந்தோம். ப்ரோடின் கையை நீட்டினார். எஸ்கில் அந்தக் கையைப் பார்த்தார். திரும்பி, வலது கட்டை ஹோல்கெரின் ஒரு கையில் வைத்தார். இடது கட்டை இன்னொரு கையில் வைத்தார். ஹோல்கெரின் சொந்தக் கட்டு கக்கத்துக்குப் போனது. மூன்று கட்சிகளும் ஒரே நெஞ்சின் மேல் ஏறியதைப் பார்த்து, அந்த நெஞ்சின் சரித்திரம் தெரிந்த நான் முதலுதவிப் பெட்டி எங்கே என்று கண்ணால் தேடினேன்.

"ரெண்டையும் ஒரே உயரத்துல நீட்டு" என்றார் எஸ்கில். உள்ளே வந்தார்.

என் கடமை என்னைத் தேடி வந்தது. சாவடிக்குள் கட்சிச் சின்னம் கூடாது. ஜாக்கெட்டின் நெஞ்சிலும் முதுகிலும் பெரிய கட்சி பளபளவென்று இருந்தது.

"எஸ்கில்" என்றேன். "ஜாக்கெட்."

மேஜைக்கு முன்னால் நின்ற வரிசை திரும்பியது. எஸ்கில் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. உடற்பயிற்சிக் கூடம் என்பதால் சின்னச் சத்தமும் எதிரொலிக்கும். அந்த ஜிப் இறங்க மறுத்த சத்தத்தை ஊரே கேட்டது. கடைசியில் தலைவழியாகக் கழற்றினார். உள்ளே மைவோர் பின்னிய ஸ்வெட்டர். முழங்கையில் ஒட்டுத் துணி. ஜாக்கெட்டை மடித்து, மாட்டுவதற்கு இடமில்லாமல், பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும் ஜிம்னாஸ்டிக் மரக்குதிரையின் மேல் வைத்தார்.

மேஜையில் பெயர்ப் பட்டியலோடு இருந்தவள் என் உதவியாளர் குன்வோர். காது சற்று மந்தம் என்பதால் எல்லோருக்கும் மந்தம் என்று நினைத்துப் பேசுபவள்.

"நீ போட்டுட்டியே எஸ்கில்! நூலகத்துல! போட்டோ பாத்தேனே!"

கூரையிலிருந்து 'பாத்தேனே' திரும்பி வந்தது. வாசலில் ப்ரோடினின் நிழல்.

"மறுபடி போடறேன்" என்றார் எஸ்கில்.

குன்வோர் என்னைப் பார்த்தாள். நான் சட்டத்தைப் பார்த்தேன். அதாவது சுவரைப் பார்த்து, "அவருக்கு உரிமை இருக்கு" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் கம்பீரமாக வந்துவிட்டது.

எஸ்கில் மறைப்புக்குப் பின்னால் போனார். ஒரே உறையோடு திரும்பி வந்தார். நீலம். அதை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருக்கிறார். மஞ்சளிலும் வெள்ளையிலும் அவருக்குத் தன் கட்சியோடு சண்டை எதுவும் இல்லை. இங்கேதான் சட்டத்தின் ஈவிரக்கமின்மையை நான் விளக்க வேண்டியதாயிற்று.

"எஸ்கில், நூலகத்துல போட்ட மூணுமே செல்லாமப் போயிடும். மூணையும் திரும்பப் போடணும். இல்லன்னா மத்த ரெண்டும் வீணாயிடும்."

"மூணுமா?"

"மூணும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. முள் எட்டைத் தொட வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. உள்ளே வந்துவிட்டவரை எட்டுக்குப் பிறகும் போடவிடலாம். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பேருந்து தவறப்போகிற பள்ளிப் பிள்ளை மாதிரி மறைப்புக்கு ஓடினார். காகிதங்கள் சரசரத்தன. ஏதோ கீழே விழுந்தது. யாரோ 'ஐயோ' என்றார்கள், எஸ்கிலாக இருக்காது. மூன்று உறைகளோடு வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவரைத் தெரிந்த குன்வோர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பெயருக்கு எதிரே குறி போட்டாள். மஞ்சள் விழுந்தது. வெள்ளை விழுந்தது. நீலத்தை நான் பெட்டியின் வாயில் வைத்தபோது அவர் மூச்சை அடக்கியிருந்தார். அதுவும் விழுந்தது.

அந்த நேரத்தில் வெளியே வண்டி வந்து நின்ற சத்தம். மைவோர்.

"எஸ்கில் எங்க?" என்பது கேட்டது. மூன்று கட்டுகளோடு நின்ற ஹோல்கெரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

"உள்ள."

"உள்ள எதுக்கு?"

"வாக்குச்சாவடிக்குள்ள எதுக்கும்மா போவாங்க? கூடைப்பந்து ஆடவா?"

பதில் வரவில்லை. மைவோரிடமிருந்து பதில் வராத சந்தர்ப்பங்களை ஊர் வரலாற்றில் குறித்து வைக்கலாம்.

எட்டு அடித்தது. கதவை மூடினேன். வழக்கமாக எஸ்கில் இந்த நேரத்தில் கட்சியின் முடிவுக் காத்திருப்பு விருந்துக்குப் போவார். இறால் சாண்ட்விச் உண்டு. அன்று போகவில்லை. ஓட்டு எண்ணுவதை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது விதி. யாரும் பார்ப்பதில்லை என்பது வழக்கம். எஸ்கில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மைவோர் வந்து, ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். ப்ரோடின் சுவரில் சாய்ந்து நின்றார். அவருடைய கேக் எங்கே போனதென்று தெரியவில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், நூலகத்திலிருந்து வந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை வாசித்துப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்போம். வாசித்தேன். ஒப்புக்கொண்டோம். அடுத்தது. அடுத்தது. ஒரு உறையை எடுத்தபோது என் கை தானாகவே நின்றது.

"எஸ்கில் நேஸ்லுண்ட்" என்று வாசித்தேன்.

"போட்டாச்சு!" என்று குன்வோர் கத்தினாள். "இன்னிக்கி!"

அந்த உறையைத் திறக்காமல் தனியே ஒரு ஓரமாக வைத்தேன். மேஜையில் அது மட்டும் தனியாகக் கிடந்தது. எஸ்கில், பல் பிடுங்கியாயிற்று என்று டாக்டர் சொன்ன மனிதரைப்போல, கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"கடைசியில பொண்டாட்டிக்குப் பயந்துட்ட" என்றார் ப்ரோடின் சுவரிலிருந்து. தமாஷ் இல்லை இப்போது.

எஸ்கில் திரும்பினார்.

"அவ எங்கிட்ட ஓட்டுக் கேக்கவே இல்ல" என்றார். "நீதான் கேட்ட. போட்டேன். அப்புறம் நீ பெஞ்சுல உக்காந்து தீந்துபோச்சுன்ன."

இது 'காபி இருக்கு' வை விட நீளமான பேச்சு. நான்கு வாக்கியம் என்று குன்வோர் பிற்பாடு ஊருக்குச் சொன்னாள். ப்ரோடின் கோட்டைத் தேடினார்.

மைவோர் எழுந்து நடு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். "யாரு என்ன தீந்துபோச்சுன்னா?" என்றாள் நேராக எஸ்கிலிடம்.

"அப்புறம் சொல்றேன்."

"இப்ப சொல்லு. ரெண்டு வாரம் கழிச்சு என்கிட்ட வாயத் தொறந்திருக்க."

"வாயத் தொறக்காதது நீ."

"சரி, நான்தான். போலாமா?"

"இரு. நீலத்தை எண்ணட்டும்."

நீலம்தான் கடைசி. அவர்கள் இருந்தார்கள்.

எங்கள் சாவடியில் ஆம்புலன்ஸ் பட்டியலுக்கு எத்தனை விழுந்தது என்பது பொதுத் தகவல், யாரும் பார்த்துக்கொள்ளலாம். பெரிய கட்சியை விடக் கொஞ்சம் அதிகம். அதில் எஸ்கிலுடையது உண்டா என்று எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பதவி அப்படி. வட்டாரம் முழுக்க எண்ணி முடித்தபோது பட்டியல் மூன்று சதவீதத்தை மூச்சு வாங்கிக்கொண்டு தாண்டி மூன்று இடம் பிடித்தது. மைவோர் இப்போது மன்றத்தில் உட்காருகிறாள். பெரும்பான்மைக்கு ஆள் போதாத ப்ரோடின் அவளுக்குக் காபி ஊற்றிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடவில்லை, காப்பாற்றவுமில்லை. ஆய்வுக் குழு போட்டிருக்கிறார்கள். எங்கள் நாட்டில் ஆய்வுக் குழு என்பது சாகாவரம். அறிக்கை வரும்வரை வண்டி இங்கேதான் நிற்கும்; அறிக்கை வருவதற்குள் இன்னொரு தேர்தல் வந்துவிடும்.

எஸ்கிலைக் கட்சி நீக்கவில்லை. எங்கள் ஊரில் யாரையும் யாரும் நீக்குவதில்லை. போன் வராது, அவ்வளவுதான். அவருக்கும் வரவில்லை. சந்தாவை மட்டும் அவர் ஒழுங்காகக் கட்டினார். அவர் இன்னும் அந்தக் கட்சிக்காரர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. மார்ச்சில் கிளையின் வருடாந்தரக் கூட்டத்துக்கு, கூப்பிடாமலே, அதே சிவப்பு ஜாக்கெட்டோடு போனார். எப்போதும் உட்காரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டுப் பின்வரிசையில் ஜனங்கள் நெருக்கியடித்தார்கள்.

மறுநாள் பெட்ரோல் பங்கில் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வசதியா இருந்துச்சு" என்றார். "கை வெச்சுக்க ரெண்டு பக்கமும் எடம்."